நாற்பது பச்சைப் புள்ளிகள்

என்னை ஒரு இடத்தில் இருத்திவைக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை. ஆஸ்பத்திரிதான் இருத்தியது. பதினெட்டு நாள், இடது காலைத் தலையணைக்கு மேலே தூக்கிவைத்துக் கட்டிலோடு கிடந்தேன். இப்போதும் நாவற்குடா வீட்டு விறாந்தையில் ஒரு கதிரையில் நான், மற்றக் கதிரையில் என் கால். அந்தக் காலில் நாலு விரல்தான் இருக்கிறது. மற்றது ஏன் போனது என்று பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. அதுவும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மறைத்துத்தான் சொன்னேன். ஒரு தரம் மறைக்காமல் எழுதிவிட்டால் நெஞ்சு சும்மா இருக்குமோ என்று பார்க்கிறேன்.

நான் மின்சார மீட்டர் வாசிக்கிறவன். இருபத்தெட்டு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கி இலக்கம் பார்த்து எழுதுவதுதான் வேலை. வாவிக்கு அந்தப் பக்கம் வவுணதீவு வயல் வட்டைகளுக்கு நடுவே இருக்கிற வீடுகள் தொடக்கம் புளியந்தீவுக் கடைத்தெரு வரைக்கும் என் கால் படாத வாசல் குறைவு. மீட்டருக்குப் போகாமல் கள்ள வயர் இழுத்தவர்கள் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். பெட்டியில் இலக்கம் குறைவாக இருக்கும், வீட்டுக்குள்ளே பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்கும். "இலக்கம் பொய் சொல்லாது, ஆக்கள்தான் சொல்லுறது" என்று வாசலில் நின்று பிரசங்கம் வைப்பேன். அந்தப் பிரசங்கங்களை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

சீனி வருத்தம் வந்து ஆறு வருடம். கிளினிக்கில் அழகாக விளங்கப்படுத்தினார்கள். சாப்பாடு இரத்தத்தில் சீனியாகிறது. அந்தச் சீனியை உடம்பு எடுத்துப் பாவிக்க இன்சுலின் வேண்டும். என் உடம்பில் அது சரியாக வேலை செய்யாதபடியால் சீனி இரத்தத்திலேயே நின்று, மெல்ல மெல்லக் கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் கெடுக்கும். மெல்ல மெல்ல என்று சொன்னதுதான் பிழையாகிப் போனது. மெல்ல வருகிற எதையும் நான் மதித்தவன் இல்லை. ஞாபகம் வந்தால் குளிசை போடுவேன். வெயிலில் வருகிறவனுக்கு எல்லா வீட்டிலும் தேத்தண்ணி தருவார்கள், சீனி வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. பின்னேரத்தில் சட்டித் தயிரும் இனிப்புப் பாணியும் முன்னால் வைத்தால் நான் வேறு ஆள்.

எங்களுக்கு ஒரே மகள், தர்ஷினி. கலியாணம் கட்டி வவுனியாவில் இருக்கிறாள். போன வருடம் பிள்ளைப்பேற்றின்போது பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, இரண்டு நாள் அவள் கண் திறக்கவில்லை. எனக்கோ ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. ஆஸ்பத்திரி விறாந்தையில் அந்த நுனிக்கும் இந்த நுனிக்கும் நடந்து நடந்து, கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊர் அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். தாயும் பிள்ளையும் வீடு வந்தால் வருகிற கோயில் சடங்கில் தீ மிதிப்பேன் என்றேன். இருவரும் வீடு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த நேர்த்தியை விட எனக்கு மனம் இல்லை.

விசயம் தெரிந்ததும் மகள் போனில் குதித்தாள். "அப்பா, சீனி வருத்தக்காரர் வெறுங்காலோட வீட்டு முத்தத்திலயே நடக்கப்படாதாம். நீங்க நெருப்புல நடக்கப் போறீங்களா?"

ஒரு கிழமை இழுபறிப்பட்டோம். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். விரலில் குத்தி இரத்தச் சீனி பார்க்கிற சின்ன மெசின் ஒன்று வாங்கி அனுப்பினாள். என் போனில் ஒரு செயலியும் போடுவித்தாள். காலையில் வெறுவயிற்றில் குத்தி ஒரு துளியைப் பட்டியில் தொட்டால் மெசின் இலக்கம் காட்டும், அது தானாகவே போனுக்குப் போகும். என்னைப் போலச் சீனி உள்ளவருக்கு நூற்றிமுப்பதுக்குக் கீழே என்றால் பச்சைப் புள்ளி. அதற்கு மேலே மஞ்சள், மிகவும் கூடினால் சிவப்பு. வவுனியாவில் அவளுடைய போனிலும் அதே புள்ளி விழும்.

"சடங்குக்கு இன்னம் நாப்பத்தஞ்சு நாள் இரிக்கு. நாப்பது பச்சை வந்தா நான் ஒண்டும் பேசமாட்டன்" என்றாள். "சிவப்பு வந்தா பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்து கோயில் வாசல்ல குந்துவன். செய்வனா மாட்டனா எண்டு உங்களுக்குத் தெரியும்."

செய்வாள். என் பிடிவாதம் அப்படியே அவளுக்கும்.

முதல் நாள் 238. சிவப்பு. ஒரு நிமிடத்துக்குள் போன் அடித்தது. இரண்டாம் நாளும் சிவப்பு. மூன்றாம் நாள் இலக்கத்தைக் கையால் மாற்றப் பார்த்தேன், அந்தச் செயலியில் மாற்ற வழியில்லை. மெசின் சொன்னதுதான் சொன்னது. இனிப்பை விட்டுக் குளிசையை ஒழுங்காகப் போட்டால் என்ன என்று ஒரு நல்ல புத்தி வரவேண்டிய இடம் அது. எனக்கு வந்தது மீட்டர்காரனின் புத்தி. மெசினை ஏமாற்ற முடியாது, மெசினுக்குள் போகிற வயரை மாற்றலாம்.

நாலாம் நாள் காலை மனைவியைக் கூப்பிட்டேன். "யோகம், உன்ட விரல ஒருக்காத் தா புள்ள."

"என்னத்துக்கு?"

சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "நேர்த்தி என்ட பிள்ளைக்கும்தானே" என்று இடது மோதிரவிரலை நீட்டினாள். 111 காட்டியது. பச்சை.

மகள் போனில் அழுதாள். "பாத்தீங்களாப்பா? கட்டுப்பாடா இரிந்தா வரும்தானே?"

"ஓம் மனே, தேத்தண்ணிக்குச் சீனி போடுறதே இல்ல" என்றேன். பக்கத்தில் என் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது, மூன்று கரண்டி சீனியோடு.

அப்படியே நாற்பது நாள். காலையில் நான் வேலைக்குச் சேட்டுப் போடுவதற்கு முன் யோகம் வந்து விரலை நீட்டுவாள், நான் குத்துவேன், போன் 'டிங்' என்று பச்சையாகும். அதற்குப் பிறகு என் விரலை நான் குத்தவேயில்லை. நாலாம் கிழமையில் ஒரு நாள் 133 வந்து மஞ்சள் விழுந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ராவைக்கு என்ன தின்டநீ?"

"எப்பவும் தின்ற இடியப்பம்தான். ரெண்டு கூட."

"இனிக் கூடத் தின்னாத. என்ட ரெக்கோட்டக் கெடுத்துப் போடுவாய்."

அடுத்த நாளில் இருந்து அவள் இரவில் ஒரு இடியப்பத்தோடு எழும்பிவிடுவாள். நான் சாப்பிடக்கூடாததையெல்லாம் எனக்காக அவள் விட்டாள், நான் ஒன்றையும் விடவில்லை. அந்த நாட்களில் அவள் மத்தியானத்திலும் நித்திரை, தண்ணீர்ச் செம்பு கையை விட்டு இறங்காது. "வெயில் காலம்தானே" என்றாள். நானும் "வயசு போகுது கிழவி" என்று பகிடி விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

கடைசி மூன்று நாள் காப்புக் கட்டிக்கொண்டு கோயிலிலேயே தங்கினேன். போனும் மெசினும் வீட்டில். அந்த மூன்று நாளும் யோகம் தன் விரலைத் தானே குத்தி அனுப்பியிருக்கிறாள்.

தீ மிதிப்பு அன்று பின்னேரம் மஞ்சள் பூசி, வேப்பிலை பிடித்து, பறைச் சத்தத்துக்குள் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் போன பொடியன் பாதித் தூரத்தில் பாய்ந்து பாய்ந்து கடந்தான். நான் நடந்தேன். நிதானமாக, மீட்டர் பார்க்கப் போகிற மாதிரியே நடந்தேன். சுடவேயில்லை. மற்றவர்கள் ஓடிப்போய் ஈரமண்ணில் காலை வைத்தபோது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். "அம்மன் எனக்குப் பூவாப் போட்டிரிந்தா" என்று இரண்டு நாள் கண்டவரிடமெல்லாம் சொன்னேன். அம்மனைப் பற்றி நான் பிழையாக ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் நெருப்பு சுட்டுத்தான் இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை யோகம் விறாந்தை கூட்டிக்கொண்டு நின்றவள் நின்றபடியே சொன்னாள், "இஞ்சாருங்க, நீங்க நடந்து வந்த வழியெல்லாம் ஈரமா இரிக்கு."

காலைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் கீழே கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, நடுவில் கறுப்பு. சீழ் வடிந்துகொண்டிருந்தது. நோவு மட்டும் இல்லை. அந்த நோவு இல்லாததுதான் என்னைப் பயப்படுத்தியது.

ஓட்டோவில் போனோம். வெளிநோயாளர் பக்கத்தில் இலக்கத் துண்டு எடுத்து, வரிசையில் குந்தி, எழும்பி, மறுபடி குந்தினேன். "ஒரு இடத்தில இருங்களன், கால ஊன்றாதீங்க" என்று யோகம் என் சேட்டைப் பிடித்து இழுத்தபடியே இருந்தாள். உள்ளே ஒரு இளம் டொக்டர் என் கண்ணை மூடச் சொன்னார். மீன் பிடிக்கிற தங்கூசி மாதிரி ஒரு நைலோன் நூலால் பாதத்தில் தொடுவாராம், தொடுகிறது தெரிந்தால் 'ஓம்' என்று சொல்லவேண்டுமாம். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். காத்திருந்து காத்திருந்து பொறுமை போய்க் கேட்டேன், "எப்ப டொக்டர் தொடங்கப் போறீங்க?"

"முடிஞ்சுது ஐயா" என்றார்.

பத்து இடத்தில் தொட்டிருக்கிறார், ஒன்றுகூடத் தெரியவில்லை. சீனி கால் நரம்பைக் கொன்றுவிட்டது, ஆகவே நோவு மூளைக்குப் போகாது என்று விளங்கப்படுத்தினார்கள். நோவுதான் உடம்பின் காவல்காரன், என் காலில் காவல்காரன் எப்போதோ போய்விட்டான்.

வார்ட்டில் போட்டார்கள். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள், அதுவும் நோகவில்லை. டொக்டர் ஒரு பேனையால் சிவப்புப் பரவியிருந்த விளிம்பில் கணுக்காலுக்குக் கீழே சுற்றிக் கோடு போட்டார். "மருந்து ஏத்திறம். சிவப்பு இந்தக் கோட்டுக்குள்ள நிண்டா நல்லம். தாண்டி மேல வந்தா பாதத்தை எடுக்கவேண்டி வரும்" என்றார்.

பாதம் இல்லாத மீட்டர்காரனை யார் வைத்திருப்பார்கள்? நான் வேறு என்ன செய்வேன்? நடக்காமல் எனக்கு இருக்கத் தெரியாதே. மூன்று நாளும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போர்வையை விலக்குவேன். பக்கத்துக் கட்டிலில் வாகரைப் பக்கத்து மீன்காரர் ஒருவர், அவருக்கும் கால்தான். "சும்மா கிடவுங்க மச்சான், நீங்க பாத்தா அது நிக்குமா?" என்று ஏசுவார். வார்ட் வாசலுக்கு மேலே இருந்த மின்சாரப் பெட்டியை வாசிப்பேன், திரும்பக் கோடு. யோகம் மூன்று நேரமும் அடுக்குச் சட்டியில் சாப்பாடு கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடியுமுன் கட்டில் காலில் சாய்ந்து தூங்கிப்போவாள். நுளம்பு கடிக்காமல் துவாயால் விசிறிக்கொண்டு தூங்குவாள். விசிறுகிற கை மட்டும் தூங்காது.

சேர்த்த அன்று இரத்தத்தில் சீனி 340. டொக்டர் என் போனை வாங்கிப் பார்த்தார். வரிசையாகப் பச்சை. "வீட்டில நல்ல கட்டுப்பாட்டில இருந்திருக்கு. காயத்தில கிருமி புகுந்தபடியால்தான் இப்ப ஏறியிருக்கு. இன்சுலினைக் குறைவாத் தொடங்குவம், கூடப்போட்டா ஒரேயடியா விழுந்திடும்" என்றார். எனக்கு வாய் திறந்தது. யோகம் என்னைப் பார்த்தாள். நான் மூடிவிட்டேன். இன்றைக்கும் என்னை உறுத்துவது நெருப்பு இல்லை, அந்த மூடின வாய்தான். அந்தக் குறைந்த இன்சுலினுக்குச் சீனி இறங்கவில்லை. சீனி இறங்காமல் புண் ஆறாது. நாலாம் நாள் காலை சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை மேலே வந்திருந்தது.

அன்று பத்து மணிக்கு மகள் பிள்ளையோடு வந்து இறங்கினாள். வந்ததும் வராததுமாகத் தாதியிடம் சண்டை. அந்த மிஸ் புளியந்தீவில் பறங்கிக் குடும்பத்துப் பெண், சத்தம் போட்டுப் பேசமாட்டார். கையில் என் இரத்தப் பரிசோதனைத் துண்டோடு நின்றார்.

"எங்கட அப்பாக்கு நாப்பது நாளும் சீனி நல்லா இரிந்தது மிஸ். இஞ்ச வந்துதான் ஏறியிரிக்கு. என்ன மருந்து குடுத்தீங்க?" மகள் தன் போனை மிஸ்ஸின் கையில் கொடுத்தாள். "பாருங்க, எல்லாம் பச்சை."

மிஸ் துண்டைக் காட்டினார். "இது மூண்டு மாதச் சீனி மகள். இரத்தத்தில சிவப்பு அணு எண்டு இருக்கு, அதில சீனி ஒட்டும். அந்த அணு மூண்டு மாதம் உயிரோட இருக்கிறபடியால் மூண்டு மாதக் கதையும் அதில இருக்கும். ஏழுக்குக் கீழ இருக்கவேணும். அப்பாக்குப் பதினொண்டரை. ரெண்டில ஒண்டு பிழை, ஒண்டு இந்தத் துண்டு, இல்லாட்டி உங்கட போன்."

"அப்ப உங்கட துண்டுதான் பிழை! நான் மேலிடத்துக்கு எழுதுவன்."

மகள் என் பக்கம் நின்று என் பொய்க்காகச் சண்டை பிடித்தாள். பிள்ளை இடுப்பில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. தாங்க முடியவில்லை.

"மனே, நிப்பாட்டு" என்றேன். "போன்தான் பிழை. அது என்ட இரத்தம் இல்ல."

"அப்ப ஆர்ர?"

யோகம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தன் இடது கையைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்தாள். மகளுக்கு விளங்கிவிட்டது. பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நெருப்பைவிட அது சுட்டது. அது மட்டும் நன்றாகவே தெரிந்தது.

மிஸ் டொக்டரைக் கூப்பிட்டார், இன்சுலின் அளவு உடனே மாறியது. எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். ஆனால் மிஸ் மகளின் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நின்றபடி ஒவ்வொரு புள்ளியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் மாறியது.

"ஐயா, இது முழுக்க அம்மாட இரத்தமா? எல்லாம் வெறுவயித்தில எடுத்ததா?"

"ஓம் மிஸ்."

"நூற்றிப் பதினொண்டு, பதினெட்டு, இருபத்திநாலு. கடைசி ரெண்டு கிழமையா நூற்றி இருபத்தாறுக்குக் குறைய ஒண்டுமே இல்ல." அவர் குரல் இன்னும் தணிந்தது. "உங்களுக்குத்தான் ஐயா இது பச்சை. மருந்து எடுக்கிற ஆளுக்கு இது நல்ல இலக்கம். வருத்தமே இல்லாத ஆளுக்கு வெறுவயித்தில இவ்வளவு வரப்படாது. அம்மா, உங்களுக்குத் தாகம் கூடவா? களைப்பா?"

யோகம் சிரிக்கப் பார்த்தாள். "வெயில் காலம்தானே மிஸ்" என்றாள்.

கை நாளத்தில் இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அடுத்த நாள் வந்த துண்டில் ஐயம் இருக்கவில்லை, அவளுக்கும் சீனிதான். ராவில் சாப்பாட்டை இவ்வளவு குறைத்தும் இந்த இலக்கம் என்றால், குறைக்காமல் இருந்திருந்தால் மஞ்சள் திரும்பத் திரும்ப விழுந்து அப்போதே பிடிபட்டிருக்கும் என்று, இடியப்பக் கதையையும் கேட்ட மிஸ் சொன்னார். "என்ட ரெக்கோட்டக் கெடுத்துப் போடுவாய்" என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. இருபத்தெட்டு வருடம் இலக்கம் வாசித்தவன் நான். நாற்பது காலை அவளுடைய வருத்தம் என் கைக்குள் இலக்கமாக வந்து நின்றது, நான் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.

சரியான இன்சுலின் ஏற, இரண்டு நாளில் சிவப்பு இறங்கத் தொடங்கியது. பாதம் தப்பியது. கறுத்துப்போன இரண்டாம் விரலை மட்டும் எடுத்தார்கள். "அம்மன் ஒரு விரலோட விட்டுட்டா" என்றாள் யோகம். மகள் ஒரு கிழமை நின்றாள், முதல் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை, ஆனால் மூன்று நேரமும் கால் கட்டைத் திறந்து பார்த்தாள். போகும்போது செயலியில் இரண்டாவது பெயர் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாள். அதற்கு வேறு எல்லை, வேறு நிறக் கணக்கு.

வீட்டுக்கு வந்த முதல் காலை. என் விரலை நானே குத்தினேன். 164, மஞ்சள். மஞ்சளைப் பார்த்து முதல் தடவை ஆறுதலாக இருந்தது. யோகம் குசினியில் இருந்து வந்து, பழக்கத்தில் சீலையில் கையைத் துடைத்து, அதே மோதிரவிரலை நீட்டினாள். அந்த விரல் நுனியில் சின்னச் சின்னத் தழும்புகள். நான் அதுவரை அவற்றைப் பார்த்ததே இல்லை.

"இண்டைக்கு ஆர்ர பேருக்கு?" என்று கேட்டாள்.

"உன்ட பேருக்குப் புள்ள."

நாற்பது நாள் யோசிக்காமல் குத்திய விரலில் அன்று ஊசியை வைத்தபடி நின்றேன். குத்த முடியவில்லை. அவள் மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், பிறகுதான் குத்தினேன்.